நாய்த்தட்டு, இரண்டாம் பக்கம், மூன்றாவது பாட்டு

அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில், தாரிணி ஊசியைத் தட்டின்மேல் இறக்கியபோது அறையில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். நான், என் மனைவி வசந்தா, என் கல்லூரி நண்பன் அன்வர், அப்புறம் என் இசைத்தட்டுகளை மொத்தமாக விலைக்கு வாங்க வந்திருந்த தாரிணி. பெருங்குடியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பெண். வாரக் கடைசியில் பழைய தட்டுகளை வாங்கி விற்பாள். கீறல் இருக்கிறதா என்று சோதிக்க ஒரு சின்ன பிளேயரைக் கையோடு கொண்டுவந்து ஜமக்காளத்தின்மேல் வைத்திருந்தாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்தப் பாட்டுக்கு நான் எப்போதும் கண்ணை மூடிக்கொள்வது வழக்கம். முதலில் ஒரு கிடார் தயங்கித் தயங்கி நடந்து வரும். பிறகு கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல ஒரு கனமான ஆண் குரல். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிடும். கல்லூரி நாளிலிருந்து இன்றுவரை வராமல் இருந்ததில்லை.

அன்று கிடார் நடந்து வரவில்லை. பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் ஓடி வந்தது. அதன் பின்னாலேயே ஒரு குரல் வந்தது. மெல்லிய, உச்சத்தில் நிற்கிற, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு பாடுகிற குரல். வசந்தாவின் கை தானாகவே தொடையில் தாளம் போட ஆரம்பித்தது.

நான் கண்ணைத் திறந்து, இது யார் பாட்டு என்று கேட்டேன்.

"உங்க ரெக்கார்டுதான் அங்கிள்," என்றாள் தாரிணி.

அறை யாருக்கு?

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, தட்டுகளை ஏன் விற்க நேர்ந்தது என்று சொல்லிவிடுகிறேன். (அதற்கும் முன்னால் ஒரு வார்த்தை: போன வாரம் எழுதிய, வங்கி லாக்கர் அறையில் பூனை அகப்பட்டுக்கொண்ட கதை நிஜமா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். நிஜம். பூனைக்கும் கையெழுத்து வாங்கினோமா என்று கேட்டவருக்கு மட்டும் பதில் கிடையாது.)

வசந்தா பாட்டு டீச்சர். அடையாற்றில் எங்கள் ஃபிளாட்டின் ஹாலில் தினமும் மாலை வகுப்பு நடக்கும். ஹாலுக்கு ஒரு பக்கம் படுக்கையறை, மறு பக்கம் சமையலறை. வகுப்பு நேரத்தில் நான் படுக்கையறைக் கைதி. பசித்தால் ஃப்ரிட்ஜுக்குப் போக முடியாது. ஒருமுறை, எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டுதானே பாடுகிறார்கள் என்று நம்பி, பனியனும் வேட்டியுமாக, கையில் பாதி கடித்த மாங்காயோடு குறுக்கே போனேன். அனுபல்லவி அப்படியே நின்றது. எட்டுப் பெண் குழந்தைகள் என்னையே பார்த்தன. அவர்களில் ஒருத்தியின் தாயாரும் உட்கார்ந்திருந்தார்.

ஹாலை ஒட்டி இன்னொரு அறை உண்டு. அது காலியாக இருந்தால் வகுப்பை அங்கே மாற்றிவிடலாம். ஆனால் அதில் தரை முதல் பரண்வரை என் இசைத்தட்டுகள். மாங்காய்ச் சம்பவத்தன்று இரவு, சாதம் போட்டுக்கொண்டே வசந்தா தீர்ப்புச் சொன்னாள்.

"ஒண்ணு அந்தத் தட்டெல்லாம் போகட்டும், இல்லேன்னா நீங்கோ போங்கோ. நேக்கு எதுவானாலும் சரி."

நான் யோசித்துப் பார்த்தேன். எனக்குப் போக இடம் கிடையாது. தாரிணியை வரச் சொன்னோம்.

அவள் மூன்று வாரம் முன்னால் முதல் தடவை வந்து ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். எக்ஸ்ரே பார்க்கிற டாக்டர் மாதிரி முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. நான் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றின் பெருமையையும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் சரி அங்கிள், சரி அங்கிள் என்று நகர்த்திக்கொண்டே போனாள். அட்டையில் நாய்ப் படம் உள்ள அந்த நாய்த்தட்டு கைக்கு வந்ததும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அது மட்டும் விற்பனைக்கு இல்லை என்று உடனே சொன்னேன். அது இல்லாவிட்டால் மற்றவற்றால் தனக்குப் பெரிதாகப் பிரயோஜனமில்லை, அவை எங்கேயும் கிடைப்பவை, இதைத்தான் பெங்களூரில் ஒருவர் வெகுநாளாகத் தேடுகிறார் என்று அவள் மரியாதையாகச் சொன்னாள். என் வாழ்நாள் சேகரிப்பை ஒரே வாக்கியத்தில் காய்கறிக் கடையாக்கிவிட்டாள். வசந்தா வாசற்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தட்டுக்காக அறை போகப்போகிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

வங்கி மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். முடியாது என்று சொல்லாமல் முடியாது என்று சொல்லத் தெரியும். இந்தத் தட்டில் பாதிதான் என்னுடையது, மீதிப் பாதி என் நண்பன் அன்வருடையது, அவன் சம்மதமில்லாமல் விற்க எனக்கு உரிமை இல்லை என்றேன். அது உண்மையும்கூட. மாணவர்களாக இருந்தபோது இருவரும் சேர்ந்து வாங்கியது. அன்வர் நிச்சயம் மறுப்பான், பழியை அவன்மேல் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்பது என் கணக்கு.

அவர்கள் எதிரிலேயே அவனுக்குப் போன் போட்டேன்.

"தூக்கிக் குட்த்துர்றா மச்சி," என்றான். "அத்த இன்னும் வச்சிக்கினு கீறியா நீ?"

ஆழ்வார்பேட்டையில் அமெரிக்கா

அந்தத் தட்டு எங்களிடம் வந்தது எப்படி என்றால், ஆழ்வார்பேட்டையில் குடியிருந்த ஓர் அமெரிக்கர் ஊருக்குத் திரும்பிப் போனார். போகுமுன் வீட்டுச் சாமான்களைத் தோட்டத்தில் பரப்பி விற்றார். மயிலாப்பூரில் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். அப்பா ஃப்ரிட்ஜுக்காகப் போனார். அதற்குள் அது போய்விட்டது. அம்மா, கட்டம் கட்டமாகப் பள்ளம் போட்ட ஒரு மின்சார இரும்பு அடுப்பை வாங்கினாள். அமெரிக்கர்கள் அதில் ஏதோ இனிப்பு ரொட்டி சுடுவார்களாம். அம்மா அதில் அடை வார்த்தாள். கட்டத்துக்குக் கட்டம் வெண்ணெய் தேங்கி நிற்கிற அந்த அடைக்கு ஈடு இணை கிடையாது.

நானும் அன்வரும் ஒரு ரெக்கார்டு பிளேயரையும் அதோடு இருந்த தட்டுகளையும் வாங்கினோம். நம்மூர் கரண்ட் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லி, அமெரிக்கர் அம்மிக்கல் கனத்துக்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மரையும் சும்மா கொடுத்தார். அம்மாவின் அடுப்புக்கும் எங்கள் பிளேயருக்கும் அது ஒன்றுதான். அடை வார்க்கும் நாட்களில் சங்கீதம் கிடையாது.

பிளேயர் எங்கள் வீட்டில் இருப்பது என்று முடிவாயிற்று. ராயப்பேட்டையில் அன்வர் வீட்டுக்குக் கீழே தகரப்பெட்டி செய்கிற பட்டறை. அங்கே பாட்டுக் கேட்பது சாத்தியமில்லை. அதனால் அவன் தினமும் சைக்கிளில் மயிலாப்பூருக்கு வந்துவிடுவான். எங்கள் வீட்டில் ஏற்கனவே உள்ளூர்ப் பெட்டி ஒன்று இருந்தது. கச்சேரித் தட்டுகளை அதில் மட்டுமே போட வேண்டும், ஆங்கிலத் தட்டு எதுவும் அதில் ஏறக் கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. அமெரிக்கன் மெஷினில் இதுவரை என்னென்ன ஓடியதோ என்று அவர் பயந்தார்.

வாங்கிய தட்டுகளில் ஒன்றுதான் நாய்த்தட்டு. அட்டையில், ஒரு மரவீட்டுப் படியில் தாடிக்காரர்கள் மூன்று பேர். அவர்களுக்கு முன்னால் ஒரு நாய், கேமராவைப் பார்க்காமல் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருக்கும். அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் பிறந்த ராக் இசை அது. அந்தத் தெற்கைப் பற்றிக் கன்னிமரா நூலகத்தில் தேடிப் படித்தோம். புழுக்கம், சதுப்பு, கொசு, மீன் நாற்றம், எந்நேரமும் வந்து உட்கார்ந்துகொள்ளும் உறவினர்கள். எல்லாம் அடையாற்று முகத்துவாரத்தில் உள்ளதுதான். போதாக்குறைக்கு, அவர்கள் பேசும் விதத்தை வடக்கே உள்ளவர்கள் கேலி செய்வார்களாம். அதற்குமேல் எங்களுக்கு என்ன வேண்டும்? அவர்களும் தெற்கு, நாங்களும் தெற்கு. 'கூவம் டெல்டா' என்று ஓர் இசைக்குழு ஆரம்பித்துவிட்டோம். நான் கிடார், அன்வர் பாட்டு. டிரம்ஸுக்கு மாதத்துக்கு ஒருவன்.

அம்மாவும் ஆறும்

இரண்டாம் பக்கம் மூன்றாவது பாட்டுதான் எங்கள் உயிர். அதன் தலைப்பு ஏதோ ஓர் ஊர்ப் பெயர். வரைபடத்தில் தேடினோம், கிடைக்கவில்லை. பாட்டில் ஒரு வார்த்தை புரியாது. வாயில் சீவலை அடக்கிக்கொண்டு பாடுவது போல அந்த ஆள் ஒவ்வொரு சொல்லையும் இழுப்பார். அம்மா என்பதும் ஆறு என்பதும் மட்டும் திரும்பத் திரும்பக் காதில் விழும்.

அம்மாவும் ஆறும் ஒரே பாட்டில், அதுவும் அவ்வளவு மெதுவாக வந்தால், வேறென்ன அர்த்தம் இருக்க முடியும்? வெள்ளத்தில் தாயைப் பறிகொடுத்த மகனின் புலம்பல் என்று முடிவு செய்தோம். தலைப்பில் உள்ளது வெள்ளம் வந்த ஊர். நாயைப் பற்றிக்கூட ஒரு கதை வைத்திருந்தோம். அது அந்த அம்மாவின் நாய். அவள் போன திசையையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

வங்கித் தேர்வில் முதல் தடவை தோற்றபோது அந்தப் பாட்டைத்தான் கேட்டேன். அப்பா போன பிறகு வீடு ஓய்ந்த ஒரு மத்தியானத்தில் அதைத்தான் கேட்டேன். மகள் கல்யாணமாகிக் கிளம்பிப் போன அன்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அதையே கேட்டேன். துக்கத்துக்கென்று எங்கள் குடும்பத்தில் ஒரு சாஸ்திரிகள் உண்டு, எனக்கென்று இந்தப் பாட்டு உண்டு.

சந்தேகத்துக்கு இடமே இல்லாமலும் போகவில்லை. அந்த மெஷினில் எல்லா ஆங்கிலப் பாட்டுகளுமே ரேடியோவில் கேட்பதைவிட நிதானமாகத்தான் ஒலித்தன. செய்திக்கு நேரமாகிவிடும் என்று ரேடியோக்காரர்கள் வேகமாக ஓட்டுகிறார்கள் என்று நான் விளக்கினேன். அன்வர் ஒப்புக்கொண்டான். தட்டுக்கு ஏற்றபடி ஸ்ருதி சேர்த்த என் கிடார் உலகத்தில் எந்த ஆர்மோனியத்தோடும் சேரவில்லை. ஆகவே ஆர்மோனியக்காரனைக் குழுவிலிருந்து விலக்கினோம். கல்யாணமான புதிதில் வசந்தா இந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு, ஸ்ருதி மூன்று கட்டைக்கு ஒரு நூல் கீழே நிற்கிறதே, ஏன் இப்படி என்று கேட்டாள். அமெரிக்கர்கள் அப்படித்தான் என்றேன்.

சில வருஷம் முன்னால் மகள் இதே பாட்டைக் கைப்பேசியில் தேடிப் பிடித்துப் போட்டுக் காட்டினாள். நாலு விநாடி கேட்டேன். இது யாரோ ரீமிக்ஸ் செய்து கெடுத்தது, இந்தத் தலைமுறைக்குத் துக்கத்தைக்கூட நின்று அனுபவிக்கப் பொறுமை இல்லை என்று நீளமாகப் பேசினேன். அவள் போனை அணைத்துவிட்டுத் தோசை சாப்பிடப் போய்விட்டாள்.

இரங்கல் கூட்டம்

எங்களுக்கெல்லாம் இந்தப் பாட்டு வெறுமனே துக்கம். அன்வருக்கு அது கஷ்டம்.

அவனுடையது உச்சத்தில் இயல்பாக நிற்கிற குரல். பேசும்போதே கணீரென்று இருக்கும். அந்தக் கிணற்றுக் குரலுக்குக் கீழே இறங்க அவன் பட்ட பாடு கொஞ்சமல்ல. தூங்கி எழுந்ததும் குரல் தடித்திருக்கும் என்று விடியற்காலையில் மெரினாவுக்குப் போய்ப் பாடினான். சளி பிடித்தால் குரல் இறங்கும் என்று யாரோ சொல்ல, ஐஸ் குச்சியாக வாங்கித் தின்றான். ஜலதோஷம் வர வேண்டும் என்று தர்காவில் வேண்டிக்கொண்ட பாடகன் உலகத்திலேயே அவன் ஒருவனாகத்தான் இருப்பான். ஜலதோஷமும் வரவில்லை. அவன் வீட்டில் அவனைத் தவிர எல்லோருக்கும் வந்தது.

இறுதி வருஷத்தில் எங்கள் ஆங்கிலப் பேராசிரியர் திடீரென்று காலமானார். வெங்காயம்கூடச் சேர்க்காத மனிதர். நல்லவர். கல்லூரி ஹாலில் இரங்கல் கூட்டம். ஆங்கிலப் பேராசிரியருக்கு ஆங்கிலத்தில் ஒரு பாட்டு இருந்தால் பொருத்தமாக இருக்கும் என்று முதல்வர் நினைத்தார். எங்களிடம் தயாராக ஒரு புலம்பல் இருந்தது.

மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் நின்று வாசித்தோம். சபை முழுவதும் எழுந்து நின்றது. மூன்றாவது வரியில் பாட்டு அதலபாதாளத்துக்குப் போகும். அங்கே அன்வருக்குக் குரல் வரவில்லை. காற்றுதான் வந்தது. உடைந்து, விட்டு விட்டு, தேம்பலாக வந்தது. முன்வரிசையில் ஒருவர் கைக்குட்டையை எடுத்தார். அவரைப் பார்த்து இன்னொருவர். கடைசி வரிக்கு முன்பே ஹால் முழுக்க அழுகை. பேராசிரியரின் மனைவி மேடைக்கு வந்து அன்வரின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு, என் பிள்ளைகள்கூட இப்படி அழவில்லையே அப்பா என்றார். அவன் திருட்டுக் கேஸில் பிடிபட்டவன் போல நின்றான்.

திரும்பும்போது லஸ் முனையில் சைக்கிளை நிறுத்தினான்.

"நான் அழுவல மச்சி," என்றான். "வரல. என் தொண்டையில அது இல்ல."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். ஊரே அவனைப் பாராட்டியது. அதுதான் அவனைக் கொன்றது. பாட முடியாமல் போனதைப் பாட்டு என்று நினைத்துக் கைகொடுத்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? அதோடு நிறுத்திவிட்டான். அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்கார்ந்தான். கல்யாணம், குழந்தைகள், பேரப்பிள்ளைகள் எல்லாம் ஆயிற்று. இன்றுவரை வாரம் ஒருமுறை சந்திக்கிறோம். அவன் ஒரு வரி முணுமுணுத்துக்கூட நான் கேட்டதில்லை. நாய்த்தட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் டீக்குக் காசு கொடுக்க எழுந்துவிடுவான்.

ஐம்பதும் அறுபதும்

இப்போது மறுபடியும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். தட்டை ஒப்படைக்கிற நாள். சம்மதம் சொன்ன பிறகு வரவேண்டிய அவசியமில்லாவிட்டாலும், வசந்தா மன்னி கையால் காபி குடிக்க என்று சொல்லிக்கொண்டு அன்வர் வந்திருந்தான். தாரிணியின் பிளேயரில் பாட்டு முழுவதும் ஓடி முடிந்தது.

உங்கள் மெஷின் ரொம்ப வேகமாக ஓடுகிறது, ரிப்பேர் என்று நான் தாரிணியிடம் சொன்னேன். அவள் கைப்பேசியில் எதையோ வைத்து அளந்து காட்டி, சரியான வேகம்தான் என்றாள். நீங்கள் எதில் கேட்பீர்கள் என்று கேட்டாள். பரணிலிருந்து அமெரிக்கரின் பிளேயரையும் டிரான்ஸ்ஃபார்மரையும் இறக்கிக் காட்டினோம். அவள் பிளேயரைக் கவிழ்த்து, பின்னால் ஒட்டியிருந்த தகட்டைப் படித்தாள். பிறகு மெதுவாக, நோயாளிக்குச் சொல்வது போலச் சொன்னாள்.

அமெரிக்காவில் மின்சாரம் விநாடிக்கு அறுபது தடவை துடிக்கும். நம் ஊரில் ஐம்பது. இந்த மோட்டார் அந்தத் துடிப்பைப் பின்பற்றித்தான் சுற்றும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், துடிப்பை மாற்றாது. ஆகவே ஆறு சுற்று சுற்ற வேண்டிய நேரத்தில் இது ஐந்து சுற்றுதான் சுற்றியிருக்கிறது. இத்தனை வருஷமும்.

"இது ஸ்கூல் பிசிக்ஸ்தான் அங்கிள்," என்றாள். "நீங்க ரெண்டு பேரும் என்ன படிச்சீங்க?"

"ஹிஸ்டரி," என்றான் அன்வர்.

"ரெண்டு பேரும் பி.எஸ்ஸி. பிசிக்ஸ்," என்றாள் வசந்தா. "இவர் ஃபர்ஸ்ட் கிளாஸ்."

பாட்டுக்கு அர்த்தமாவது மிச்சமிருக்குமென்று நினைத்தேன். தாரிணிக்கு அந்த வேகத்தில் ஒவ்வொரு வார்த்தையும் புரிந்திருந்தது. கல்யாணப் பாட்டாம். ஆற்றங்கரையில் விருந்து. மணப்பெண்ணின் அம்மா பெரிய சட்டியில் மீன் வறுக்கிறாள். சூடு ஆறுவதற்குள் எல்லோரும் வாருங்கள், தட்டைக் கொண்டு வாருங்கள், நாய்க்கும் உண்டு. இவ்வளவுதான்.

நாய் எதைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று எனக்கு விளங்கிவிட்டது.

நான் பேராசிரியரை நினைத்தேன். மாலை போட்ட படம். எழுந்து நின்ற சபை. வெங்காயம்கூடச் சேர்க்காத மனிதருக்கு முன்னால், சூடாக மீன் இருக்கிறது வாருங்கள் என்று மூன்று பேர் தலை குனிந்து நின்று கூப்பிட்டிருக்கிறோம். சிரிப்பு வந்தது. ஆனால் சிரித்து முடிக்க முடியவில்லை. என் துக்கத்தையெல்லாம் எந்தப் பாட்டில் கொண்டுபோய் வைத்திருந்தேன்? அப்பாவுக்காக அழுதபோது அவர்கள் அங்கே மீன் வறுத்துக்கொண்டிருந்தார்களா? உலகத்தில் யாருக்கும் சொல்ல முடியாத ஒரு நஷ்டம் எனக்கு ஏற்பட்டுவிட்டது போல இருந்தது.

வசந்தா என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு என்மேல் எப்போதாவது இரக்கம் வரும்.

"இதுல தப்பு என்ன இருக்கு?" என்றாள். "ராகம் மாறலையே. ஒரே கீர்த்தனையை ஒருத்தர் மத்யமத்துல வேகமாப் பாடுவார், ஒருத்தர் சௌக்கத்துல நிதானமாப் பாடுவார். நீங்கோ சௌக்கத்துல கேட்டுண்டு இருந்திருக்கேள். அழுகை வந்தது நிஜம்தானே?"

கல்யாணமான நாளிலிருந்து என் சங்கீதத்தைப் பற்றி அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை. நன்றியோடு அவளைப் பார்த்தேன். அதற்குள், மீன் வறுக்கிற பாட்டைப் போய் யாராவது சௌக்கத்தில் கேட்பார்களா என்று முணுமுணுத்துக்கொண்டே காபி டம்ளர்களை எடுக்கக் குனிந்துவிட்டாள்.

அஞ்சு கட்டை

அன்வர் இவ்வளவு நேரமும் மடக்கு நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தான். காபியை வாயில் வைக்கவே இல்லை. ஆடை படிந்துவிட்டது.

"இன்னொரு தபா போடும்மா," என்றான் தாரிணியிடம். "உன் மெஷின்ல."

அவள் போட்டாள். கிடார் ஓடி வந்தது. முதல் வரி போயிற்று. இரண்டாவது வரியில், அறைக்குள் இன்னொரு குரல் இருப்பதைக் கவனித்தேன். தட்டிலிருந்து வருகிறது என்றுதான் முதலில் நினைத்தேன்.

அன்வர் பாடிக்கொண்டிருந்தான். தரையைப் பார்த்துக்கொண்டு, வாயை அதிகம் திறக்காமல். வார்த்தைகள் அவனுக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. நாங்கள் அந்தக் காலத்தில் காதால் பிடித்து உருப்போட்ட சத்தங்கள்தான். மூன்றாவது வரி வந்தது. பாதாளத்துக்குப் போக வேண்டிய இடம். அங்கே இப்போது பாதாளமே இல்லை. அவன் குரல் எந்தச் சிரமமும் இல்லாமல், தன் வீட்டுக்குள் போவது போல அங்கே போய் உட்கார்ந்தது. ஓரங்களில் வயதின் கரகரப்பு இருந்தது. ஆனால் அந்த உச்சம் அப்படியே இருந்தது. தலையை நிமிர்த்தினான். வாயைத் திறந்து பாடினான். தாரிணி கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டாள்.

வசந்தா டம்ளர்களோடு பாதி குனிந்த நிலையிலேயே நின்றுவிட்டாள். அவளுக்குப் பாட்டு விஷயத்தில் உபசாரம் தெரியாது. நன்றாக இல்லாவிட்டால் குழந்தை என்றும் பார்க்க மாட்டாள்.

பாட்டு முடிந்ததும், "அஞ்சு கட்டை," என்றாள். "அப்படியே ஸ்ருதில நிக்கறது. அன்வர், இந்தச் சாரீரத்தை வெச்சுண்டா சும்மா இருந்தேள்?"

அவன் என் பக்கம் திரும்பினான்.

"அப்ப என் தொண்டைக்கு ஒண்ணியும் ஆவல மச்சி. நல்லாத்தான் இருந்துக்கீது."

அந்தப் பாட்டுக்கு எப்போதும் அழுகிற அதே இடத்தில் அன்றும் அழுதேன், ஆனால் சந்தோஷத்தில். ஐஸ் தின்று கெட்டுப்போக வேண்டும் என்று அவன் வேண்டிக்கொண்ட குரலைத் தாடிக்காரன் அமெரிக்காவில் தலைகீழாக நின்று சம்பாதித்திருப்பான். அது இவனிடம் சும்மாவே இருந்தது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அன்வர் தட்டை எடுத்து அட்டைக்குள் செருகி மடியில் வைத்துக்கொண்டான். தன் பாதியை விற்கப் போவதில்லை என்று தாரிணியிடம் சொன்னான். மூன்று வாரம் முன்னால் இதைச் சொல்வான் என்றுதான் நான் ஆசைப்பட்டேன். இப்போது எனக்கு அந்தத் தட்டின்மேல் பாத்தியதை இருப்பதாகவே தோன்றவில்லை. என் பாதியையும் நீயே வைத்துக்கொள் என்றேன்.

வசந்தாவின் முகம் வாடியது. அறை போயிற்று என்று நினைத்துவிட்டாள். ஆனால் தாரிணி நல்ல பெண். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மற்றவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஆனால் சொன்ன விலை வராது என்றாள். எவ்வளவு வந்தாலும் சரி என்று வசந்தா என்னை முந்திக்கொண்டு சொன்னாள். அன்வருக்குத் தட்டு இருக்கிறது, மெஷின் இல்லை என்பதையும் தாரிணி கவனித்திருந்தாள். தன் சின்ன பிளேயரை அங்கேயே அவனுக்கு விற்றுவிட்டாள். வாங்க வந்தவள் விற்றுவிட்டும் போனதை, வங்கியில் இருந்தவன் என்ற முறையில் நான் மெச்சவே செய்தேன்.

மத்தியானத்துக்குள் அறை காலி. வசந்தா மறுநாள் வரை பொறுக்காமல் உடனே ஜமக்காளத்தை விரித்து நடுவில் உட்கார்ந்து பார்த்தாள். நான் ஃப்ரிட்ஜுக்கும் படுக்கையறைக்கும் இரண்டு தடவை பனியனோடு நடந்து பார்த்தேன். சுதந்திரமாகத்தான் இருந்தது.

விளக்கு வைத்த நேரத்தில் அன்வரின் எண்ணிலிருந்து போன். எடுத்தால் அவன் மனைவி ஷாஹிதா. ரொம்ப சாதுவான பெண்மணி. நான் வீட்டுக்குப் போனால் பிரியாணியை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். போனில் என்னோடு பேசியதே இல்லை. பின்னணியில் அந்தக் கல்யாணப் பாட்டு சரியான வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே அன்வர். அவனுக்கும் மேலே பேரப்பிள்ளைகள் கைதட்டுகிற சத்தம்.

வந்ததிலிருந்து பாடிக்கொண்டே இருக்கிறார், சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை, அவர் உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். போனைக் கையில் வைத்தபடியே பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது.

"கண்ணாலம் ஆயி இத்தினி வருசம் ஆவுது அண்ணே," என்றார் பிறகு. குரல் ஒரு மாதிரி இருந்தது. "இவுரு பாடுவாருன்னு நீங்களாவது எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?"

"அவனுக்கே இன்னிக்குத்தாம்மா தெரியும்," என்றேன்.